குறை சொல்லாத மனிதர்

சாப்பிட்டுக் கை கழுவி வந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவர் சொன்னார்.

"இன்னிக்கு சாதத்தை நல்லாக் குழைய வடிச்சிருந்தே. வயித்துக்கு இதமா இருந்துச்சு. நன்றி."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அவள் "பரவாயில்லைங்க" என்றாள். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற பேச்சா இது? பேருந்து நெரிசலில் காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் பேசிக்கொள்கிற பேச்சு. அவர் மட்டும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குளியலறையை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நன்றி என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. அதைச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. பேருந்து நிலையத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மைக், ஒரு விசிறி, ஒரு நாற்காலி. பேசும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சலும் ஊர் முழுக்கக் கேட்கும். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பை தொலைந்தது, யாருடைய பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடிக்க வேண்டும். அதைச் சொன்னவுடன் ஸ்விட்சை அணைத்துவிடுவாள். முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற வார்த்தை அது. நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர்.

நாமெல்லாம் வீட்டுக்குள் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம், சொல்லுங்கள். அம்மாவுக்குச் சொன்னதுண்டா? சொல்லித்தான் பாருங்களேன். "என்ன, அந்நியமாப் பேசறே?" என்று முகம் சுருங்கிவிடும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடிப்போம். சூடு பத்தவில்லை என்றால் சொல்லுவோம். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த மரியாதை.

அவரும் அப்படி இருந்த மனிதர்தான். சொல்லப்போனால் ஒருபடி மேலே. லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுவார் என்பதால் கம்பெனியில் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காதை அவர் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வந்ததில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார். குழாய் சொட்டுகிறது. கதவுக் கீல் முனகுகிறது. அரிசியில் தண்ணீர் கூடிப்போச்சு. அவள் பேருந்து நிலையத்தில் பேசுவது எதிர்ச்சாரியில் அவர் வேலை பார்த்த கட்டிடத்தின் மொட்டைமாடிவரை கேட்குமாம், அதிலும் குறை. "இன்னிக்கு மத்தியானம் மூணாவது வரியில மூச்சு வாங்கினே. சாப்பிடாம பேசினியா?" சாப்பிடாமல்தான் பேசியிருப்பாள். இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறேனோ என்று அவள் அப்போது அலுத்துக்கொண்டதுண்டு. ஒரு ஆள் தன்னை அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பிறகு நோய் வந்தது. பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தம் கசிகிற நோய். வரும், மருந்துக்கு அடங்கும், மறுபடி வரும், முழுக்கப் போகாது என்று டாக்டர் விளக்கினார். வந்துவிட்டால் அது நேரம் காலம் பார்ப்பதில்லை. ஒருநாள் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு முறுக்கியது. கூண்டின் மேலிருந்து இறங்குவது நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை. அவரால் முடியவில்லை. நனைந்த கால்சட்டையோடு, இடுப்பில் ஒரு கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, வெந்நீர் போட்டாள். மறுநாளே அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் உட்கார்ந்து மோட்டார் பிரிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். பட்டறையில் கழிவறை பக்கம்.

அந்த வாரமே படுக்கையையும் மாற்றிக்கொண்டார். மகன் வெளியூர் வேலைக்குப் போன பிறகு சும்மா கிடந்த சின்ன அறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். "ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திரிக்கிறேன். உனக்கும் தூக்கம் கெடுது. கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். சரி என்றாள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது. நோய் நடுவில் இரண்டு முறை நன்றாக அடங்கியது. அப்போதும் அவர் திரும்பி வரவில்லை. வாங்க என்று அவளும் சொல்லவில்லை. அவருக்கு அங்கே வசதியாக இருக்கிறது, நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, வாராவாரம் தலையணை உறைகளைத் துவைக்கும்போது யாரும் படுக்காத அவருடைய தலையணையின் உறையையும் சேர்த்தே துவைத்தாள். அழுக்கே இல்லாத துணியைத் துவைப்பதற்கு என்ன பெயர் வைப்பது? அவளுக்கு அவர் வேண்டியிருந்தது. ஐம்பது வயதில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம் வேறு.

இந்த நன்றி விவகாரம் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. குடல் நோயாளிகளுக்கென்று மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். அதை நடத்துகிறவள் மனநல ஆலோசகர், மகன் வயசுதான் இருக்கும். மருந்து அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்யட்டும், மனசுக்கு நாம் ஒரு வேலை கொடுப்போம் என்று சொல்லி, தினமும் வீட்டில் ஒருவருக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறாள். சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் உண்மையாக இருக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இவரோ, கொடுத்த வேலையை ஒழுங்காக முடிக்காவிட்டால் தூக்கம் வராத ஜாதி.

சட்டை மடித்ததற்கு நன்றி. மாத்திரையை எடுத்து வைத்ததற்கு நன்றி. விரிப்பைத் துவைத்ததற்கு, குளியலறை விளக்கை அணைக்காமல் விட்டதற்கு, டாக்டரிடம் பேசியதற்கு, ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு நன்றி, நன்றி, நன்றி. கூடவே குறை சொல்வதும் அடியோடு நின்றது. ஒருநாள் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள். வாயில் வைத்ததும் தெரிந்தது. அவர் ஏதாவது சொல்லுவார் என்று ஆசையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி வைத்து, "சூடா இருந்துச்சு. நன்றி" என்றார். அன்றைக்கு அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டர் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் சொல்றாருன்னா அழறே?" கவுண்ட்டர்காரி மூக்கில் விரல் வைத்தாள். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. பதினெட்டு வருஷத்துல ஒரு 'உம்' கொட்டினதில்ல. ரெண்டு நாளைக்கு மாத்திக்கலாமா அக்கா?"

சிரித்துவிட்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். சிரிப்பு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வழக்கம் அவருக்கு நல்லதுதான் செய்தது. முகம் தெளிந்திருந்தது. முன்னெல்லாம் வயிறு லேசாக இரைந்தாலே பயந்து சுருண்டுவிடுவார். இப்போது பொறுத்துப் பார்க்கிறார். பட்டறையில் யாருடனோ சிரித்துப் பேசினாராம். மருந்தைக்கூடக் கொஞ்சம் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நன்றியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் இவர் அப்படித்தான் நம்பினார். "சொல்லி முடிச்சா வயிறு அடங்குதும்மா" என்றார் ஒருநாள். அதற்குமேல் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? எனக்குக் கசக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லி, அதனால் மறுபடி ரத்தம் போக ஆரம்பித்தால்? அவருடைய மருந்தைத் தட்டிவிட்ட பாவம் யாருக்கு? அதனால் முழுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு நன்றிக்கும் அவர் ஓரடி தள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டு, பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனாள். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். வேறெந்தக் கூட்டத்திலும் முன்வரிசைக்குப் போட்டி இருக்கும். இங்கே கதவோர நாற்காலிக்கு. நடுவில் யாராவது எழுந்து ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பேச்சும் நிற்பதில்லை. அந்த நாகரிகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"இன்னிக்குத் தலைகீழாச் செய்யப்போறோம்" என்றாள் ஆலோசகர். "தினமும் இவங்க உங்களுக்கு நன்றி சொல்றாங்க. இன்னிக்கு நீங்க இவங்களுக்குச் சொல்லணும்."

ஒரு வாத்தியாரின் மனைவி, "எனக்காகத்தான் மாத்திரையே போடறாரு, இல்லாட்டி தூக்கிப் போட்டுருவாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து இவள்.

எழுந்து நின்றாள். அவரைப் பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. என் பக்கத்தில் வந்து படுங்கள் என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல முடியுமா? அப்புறம் பழக்கம் கைகொடுத்தது. முதுகு நிமிர்ந்தது, மூச்சு சீரானது, குரல் தானாகப் புறப்பட்டது.

"என் கணவர் மூன்று ஆண்டுகளாக இந்த நோயைப் பொறுமையுடன் எதிர்கொண்டு வருகிறார். அவர் அளித்துவரும் ஒத்துழைப்புக்கு நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். "எவ்வளவு தெளிவாப் பேசறீங்க!" என்று ஆலோசகர் நெகிழ்ந்துபோனாள். அவர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பாதியிலேயே பேருந்தை விட்டு இறங்க வேண்டியிருந்தது. அவருக்கு ஊரின் கழிவறைகள் அத்தனையும் மனப்பாடம். ஒரு பெட்ரோல் பங்க் பின்பக்கம் விறுவிறுவென்று போனார். மாற்றுத் துணி வைத்த பையோடு அவள் வெளியே வெயிலில் நின்றாள். வெளியே வந்தவர் பையை வாங்காமல், ஈரக் கையை உதறிக்கொண்டே சொன்னார்.

"அது உன் குரல் இல்ல."

"எது?"

"அங்க பேசினியே, அது. அது ஸ்டாண்டுல பேசற குரல். என்கிட்டப் போய் அந்தக் குரல்ல பேசிட்டே."

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"பின்ன நீங்க எந்தக் குரல்ல பேசறீங்க? மூணு மாசமா தினமும் சாப்பிட்டு எழுந்து ஒரு அறிவிப்பு. சாதத்துக்கு நன்றி, சட்டைக்கு நன்றி. நான் என்ன உங்க வீட்டுல வேலைக்கா இருக்கேன்? உப்பே இல்லாத குழம்பைத் தின்னுட்டு நன்றிங்கறீங்க!"

"உப்பு இல்லைன்னு தெரியும்."

"தெரிஞ்சா திட்டறதுக்கென்ன?"

பெட்ரோல் போட வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். இவர் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வாயால திட்டுவேன்? என் விரிப்பை அலசற கை உன்னோடது. அந்தக் கையால போடற சோத்துல உப்பு இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரு இது வேணாமா? குடுக்கறதுக்கு என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. அதான் தினமும் அதையாவது குடுத்துருவோம்னு…"

இந்த மனுஷர் மனசுக்குள் இப்படியொரு கணக்கு ஓடியிருக்கிறதா? அவள் அவரை நோயாளியாக நினைத்ததைவிட அவர் தன்னை அதிகமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வேணாங்க" என்றாள். "நிறுத்த வேணாம். உங்க வயித்துக்கு நல்லதுன்னா சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. குழாய்ல தண்ணி வருதே, அதுக்குச் சொல்லுங்க. மாத்திரை கண்டுபிடிச்சவனுக்குச் சொல்லுங்க. இந்த பங்க்காரன் கதவைப் பூட்டாம வச்சிருக்கானே, அவனுக்குச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு நீங்க ஒரே ஒரு குறை சொல்லுங்க. உண்மையா என்மேல என்ன குறையோ அதைச் சொல்லுங்க."

அவர் கைகளைச் சட்டையில் துடைத்தார். பேருந்து ஒன்று வந்து நின்று, இவர்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போனது.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"மூணு வருஷத்துல ஒருநாள்கூட நீ வந்து கூப்பிடலை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"நீ ரூம் கதவை ராத்திரியில சாத்தறதே இல்லை. அது எனக்குக் கேக்கும்" என்றார். "ஆனா நீ கூப்பிடலை. நாத்தம் வருதுன்னு நினைக்கிறாளாக்கும்னு இருந்துட்டேன். அதுல தப்பும் இல்லையே."

"உங்களுக்கு அங்கதான் சௌகரியம்னு நான்…" கோபப்பட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கோபம் அவர்மேல் வரவும் இல்லை. எத்தனை ராத்திரி! இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவில் சாத்தாத ஒரு கதவு. வீணாய்ப் போனதே என்று வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. ராத்திரி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர் நாற்காலியைத் தள்ளி வைத்தார், எதுவும் சொல்லவில்லை. அவளுக்கோ கூப்பிடுகிறேன் என்று வாயெடுத்தால் சின்னப்பெண் மாதிரி வெட்கம் வந்து தொலைத்தது. படுக்கையறைக்குள் போய் விரிப்பை உதறிப் போட்டாள். ரப்பர் விரிப்பு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அவர் மனசு நோகுமோ என்று திரும்ப வைத்து, வைத்தால்தான் அவர் நிம்மதியாகப் படுப்பார் என்று மறுபடி எடுத்து விரித்தாள். குளியலறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தால் இடதுகைப் பக்கம் அவருடைய சின்ன அறை. இங்கே வர வேண்டுமானால் கூடத்தைத் தாண்ட வேண்டும். கதவு திறந்தது. செருப்பில்லாத கால்களின் சத்தம் இரண்டு அடி வந்து நின்றது. நின்றவர் நகரவில்லை. தானாக வர மாட்டார். வராததற்கு அவர்மேல் குற்றமும் இல்லை. அவள் எழுந்து வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டாள். சரியாகத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வந்தது பாதி அழுகையாக, மூச்சு உடைந்து, எழுத்துக்கூட்ட முடியாத ஒரு குரல்.

"என்னங்க… இங்க வந்து படுங்களேன்."

வந்தார். கட்டிலின் ஓரத்தில், விருந்துக்கு வந்தவர் மாதிரி ஒடுங்கிப் படுத்தார். அவளும் அவளுடைய பக்கத்தில் படுத்தாள். பிறகு அவர் ஒருமுறை புரண்டார், சரிந்தார், கையூன்றி மறுபடி ஓரத்துக்குப் போனார், மறுபடி சரிந்தார்.

"என்ன மெத்தை இது?" என்றார் எரிச்சலாக. "உன் பக்கம் அப்படியே பள்ளமாப் போச்சு. மூணு வருஷமா ஒரே இடத்துல படுத்திருக்கே, திருப்பிப் போடணும்னு தோணலையா? எப்படிப் படுத்தாலும் உன்மேலதான் வந்து விழறேன்."

"விழுந்தாத்தான் என்ன?" என்றாள் அவள்.